புல்வெளிக்குக் கீழே ஓர் உயிர்ப்பின்னல்

வத்தலக்குண்டைக் கடந்து செல்லும் சாலை மலையேறிக் கொடைக்கானலை அடைகிறது. கோடை விடுமுறையில் இவ்வழியே ஊர்திகள் அணிவகுத்துச் செல்வதை இவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். அதே மலைத்தொடரில் பிறந்து சமவெளிக்கு இறங்கிவருகிறது மஞ்சளாறு. மேலே செல்லும் பயணிகளுக்கும் கீழே வரும் நீருக்கும் உள்ள தொடர்பை அறிய, மலைப்புல்வெளியின் மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றி அறிதல் வேண்டும்.

பழனி மலையின் உயர்பகுதிகளில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புல்லின் வேருக்குள் நுழைந்து வாழும் வேர்ப்பூஞ்சைகள், மயிரினும் மெல்லிய இழைகளை மண்ணெங்கும் பரப்புகின்றன. வேர் எட்டாத நுண்துளைகளிலும் புகுந்து, பாஸ்பரசையும் நீரையும் புல்லுக்குக் கொணர்கின்றன. கைம்மாறாக, ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரையைப் புல் அவற்றுக்கு அளிக்கிறது. வேரும் பூஞ்சையும் இணைந்த இவ்வகை அமைப்புக்கு ‘மைக்கோரைசா’ என 1885ஆம் ஆண்டில் பெயரிட்டவர், செருமானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க்.

பூஞ்சை இழைகள் மண்துகள்களைப் பிணைத்துச் சிறு கட்டிகளாக்குகின்றன. அவற்றின் இடைவெளிகளில் இறங்கித் தங்கும் மழைநீர், பின்னர்ச் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடைகளை அடைகிறது.

ஒருவர் மிதித்த புல் மீண்டும் நிமிர்ந்துவிடும். ஆயிரம் பேர் ஒரே தடத்தில் நடந்தாலோ, ஊர்திகள் புல்வெளியில் ஏறினாலோ மண் இறுகிவிடும். நுண்துளைகள் அடைபட்டுக் காற்றும் நீரும் உட்புகுவது குறையும், இழைகள் அறுபடும். இலைகளை இழந்த புல்லால் பூஞ்சைக்குப் போதிய உணவளிக்க இயலாது. பூஞ்சை குன்றினால் புல் மீண்டும் தழைப்பதும் கடினமாகும். இவ்வாறு வெறுமையான நிலத்தில் மழைநீர் உள்ளிறங்காமல், மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

இப்புல்வெளிகளுக்குத் தீங்கு செய்தது சுற்றுலா மட்டுமன்று. கடந்த நூற்றாண்டில் சீகை, தைலம், பைன் மரத் தோட்டங்கள் அவற்றின் பெரும்பரப்பைக் கவர்ந்துகொண்டன. எனவே, எஞ்சிய சிறு திட்டுகளில் ஏற்படும் சிதைவும் பேரிழப்பே ஆகும்.

சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. ஊர்திகளை அது கணக்கிடும். காலடி எங்கே படவேண்டும் என்பதைப் பயணியே முடிவுசெய்ய வேண்டும். வகுத்த பாதையில் நடப்பதும், நிழற்படத்திற்காகப் புல்வெளிக்குள் இறங்காதிருப்பதும் எளிய செயல்களே. ஆயினும், சமவெளியின் வயல்களுக்கும் கிணறுகளுக்கும் வரும் நீரைக் காப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.