துக்கியிம்: மயிலா, குரங்கா?

எபிரேய விவிலியத்தில் 'துக்கியிம்' என்ற உயிரினப் பெயர் இரண்டே இடங்களில் வருகிறது: 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சாலொமோன் மன்னரின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு இவற்றையும் கொண்டுவந்தன என்கிறது அந்தக் குறிப்பு.

தமிழ் விவிலியம் இதை 'மயில்கள்' என்கிறது. இச்சொல்லின் வேர் தமிழ்ச் சொல்லான 'தோகை' என்று 1856இல் வெளியான தமது ஒப்பிலக்கண நூலில் எழுதினார் கால்டுவெல். அவர் வாழ்ந்த இடையன்குடி, அன்று தென்காசியும் குற்றாலமும் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்து ஊர். தோகை என்பது மயிலின் வாலைக் குறிக்கும். ஆகுபெயராக மயிலையும் குறிக்கும். நீல மயிலின் தாயகம் இந்தியாவும் இலங்கையும் என்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இச்சொல் எகிப்திய மொழியிலிருந்து வந்தது, ஒருவகைக் குரங்கைக் குறித்தது என்பது அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட்டின் கருத்து. இன்றைய எபிரேயத்திலோ 'துக்கி' என்றால் கிளி.

மயில், குரங்கு, கிளி மூன்றுமே குற்றால மலைச்சாரலுக்கு உரியவை. மூன்றில் எது சாலொமோனின் கப்பலில் ஏறியது என்பது இன்னும் முடிவாகவில்லை.