எத்தனை பேரை ஏற்றலாம்?

விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்குச் சின்னச் சமதளம் போதும். அதுவும் இல்லையா? அந்தரத்தில் நின்றபடியே கயிறு விட்டு ஆளைத் தூக்கும்.

நமது விமானப்படையிடம் எம்.ஐ.-17 என்ற ஹெலிகாப்டர் இருக்கிறது. ரஷ்யாவில் செய்தது. சுமார் 4 டன் சுமக்கும். அதாவது, 50 கிலோ அரிசி மூட்டைகள் 80! உள்ளே நுழையாத சாமான்களை அடியில் உள்ள கொக்கியில் தொங்கவிட்டுக் கொண்டு போவார்கள்.

மலையில் இந்தக் கணக்கு மாறிவிடும். சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அதனால்தான் ஹெலிகாப்டர் எழும்புகிறது. உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். தூக்கும் பலமும் குறையும். வெப்பம் கூடினாலும் அப்படித்தான். ஆகவே விமானி ஒவ்வொரு முறையும் எடையைக் கணக்கிடுவார். ஆள் கூடினால், சிலர் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் மனம் என்ன பாடுபடும்!

2013 ஜூனில் உத்தரகண்டில் பெருவெள்ளம். கேதார்நாத் 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் மலையில் சிக்கினார்கள். ஹெலிகாப்டர்கள் உணவும் மருந்தும் கொண்டு போயின. திரும்பும்போது மக்களை ஏற்றி வந்தன. குறுகிய பள்ளத்தாக்கு. மழை, மேகம் வேறு. ஜூன் 25 அன்று கௌரிகுண்ட் அருகே ஓர் எம்.ஐ.-17 விழுந்தது. அதிலிருந்த விமானப்படையினரும் மீட்புப் படையினரும் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் மற்ற ஹெலிகாப்டர்கள் அந்த மலைக்குப் போய் மக்களை ஏற்றி வந்தன.