புரட்டிப் பார்த்தால் பெயர் தெரியும்

"தம்பி, லாப்டாப்புக்கு ஒரு சார்ஜர் வேணும்."

"என்ன மாடல் அம்மா?"

"அரசாங்கம் கொடுத்ததுதான்!"

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சம்பாஷணை இது. அம்மாள் சொன்னது பொய்யல்ல. ஆனால் கடைக்காரருக்கு அது போதாது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதற்காக 'எல்காட்' நிறுவனம் லெனோவோ, ஏசர், எச்.சி.எல். என்று பல கம்பெனிகளிடம் வாங்கியது. மூடியின் மேலே அரசாங்க முத்திரை. உள்ளேயோ வெவ்வேறு ஜாதி!

நெல் விளையும் சீமையில் இதைப் புரியவைப்பது சுலபம். விதை மூட்டையில் எத்தனை அழகான படம் இருந்தால் என்ன? சம்சாரி தேடுவது மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையை அல்லவா? சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. ரகத்தின் பெயர் அதில்தான் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. அணைத்துவிட்டு மெதுவாகப் புரட்டுங்கள். விசைப் பலகையின் ஓரத்தில் மினுமினுக்கும் 'இன்டெல்', 'விண்டோஸ்' வில்லைகளைக் கண்டு ஏமாற வேண்டாம். அவை உள்ளே இருக்கும் சரக்கின் பெயர்கள். வீட்டுக்காரரின் பெயர் அல்ல. அடிப்பக்கத்துப் பொடி எழுத்தில் 'மாடல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதே நமக்கு வேண்டியது. 'எஸ்/என்' என்பது அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரிய வரிசை எண். 'ஆர்' என்று தொடங்கும் நீண்ட எண்ணைச் சிலர் அக்கறையாக எழுதிக்கொண்டு போவார்கள். அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். கடையில் அதைச் சொல்லிப் பயனில்லை.

சார்ஜருக்கு மட்டும் இன்னொரு சோதனை வேண்டும். அதன் முதுகிலும் எழுத்து இருக்கிறது. 65 வாட் என்று இரண்டிலும் இருந்தாலும், ஒன்று 20 வோல்ட், 3.25 ஆம்பியராக இருக்கும், மற்றது 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர். வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும். 'எல்லாத்துக்கும் சேரும்' என்று மலிவாகத் தள்ளிவிடுவதை வாங்கினால், பரீட்சை நேரத்தில் பெண்ணின் பாடமெல்லாம் பெட்டிக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும்.

மடியிலும் மெத்தையிலும் தேய்ந்து எழுத்து அழிந்திருந்தால்? கழற்றக்கூடிய பாட்டரி உள்ள பழைய பெட்டியானால், பாட்டரியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கும். இல்லையா, கம்ப்யூட்டரையே கேட்டுவிடலாம். விண்டோஸ் விசையோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, 'எம்எஸ்இன்ஃபோ32' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடித்தால், 'சிஸ்டம் மாடல்' என்று தானே சொல்லிவிடும். உயிர் இருக்கும்போதே கேட்டு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.