பல் பராமரிப்பு: நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள்



பல் வலித்தால் முதலில் கிராம்பு, பிறகு மருந்துக்கடை மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால்தான் மருத்துவர். பல வீடுகளில் இதுதான் வழக்கம். இந்தத் தாமதத்துக்குக் காரணமான சில தவறான எண்ணங்களைப் பார்ப்போம்.

1. “வலி இல்லையே, பல் நன்றாகத்தான் இருக்கிறது.”
பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை தொடங்கும்போது வலிக்காது. உள்ளே உள்ள நரம்பை எட்டிய பிறகே தூக்கத்தைக் கெடுக்கும் வலி வரும். முன்பே போனால் சொத்தையை அடைப்பதோடு முடியும். தாமதித்தால் வேர் சிகிச்சை செய்யவோ பல்லை எடுக்கவோ நேரிடும்.

2. “செங்கல் தூள், சாம்பல் வைத்துத் தேய்த்தால் பல் வெளுக்கும்.”
பீங்கான் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இது எளிதில் புரியும். கோப்பையின் மேல் உள்ள கிளேஸ் போன்றதுதான் எனாமல். சொரசொரப்பான தூள் அதைத் தேய்த்துவிடும். கோப்பைக்கு மறுபடி கிளேஸ் பூசிச் சூளையில் வைக்கலாம். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. மென்மையான பிரஷும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் கொண்டு காலையிலும் இரவிலும் 2 நிமிடம் துலக்கினால் போதும்.

3. “மிஸ்வாக் செய்கிறேன், வேறெதுவும் வேண்டாம்.”
மிஸ்வாக் நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய சுன்னத். ஆனால் முன்பற்களை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தினால் கடைவாய்ப் பற்களில் அழுக்கு தங்கிவிடும். நுனியை அடிக்கடி வெட்டிப் புதிதாக்கி, உட்புறமும் கடைசிப் பல்வரையும் தேய்க்க வேண்டும். பிரஷையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. ரமளானில் ஸஹர் முடித்த உடனும் இரவு படுக்கும் முன்பும் பிரஷ் செய்யலாம்.

4. “பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்.”
பல்லை ஆட்டுவது சுத்தம் செய்வதல்ல, ஈறில் படிந்த காறை. அது ஈறையும் எலும்பையும் அரிக்கிறது. காறையை எடுத்ததும் ஏற்கனவே இருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும்.

5. “மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்.”
பார்வை நரம்பு வேறு, பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லை வைத்திருப்பதுதான் ஆபத்து.

6. “பால் பல் விழப்போவதுதானே!”
கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். முன்கூட்டியே இழந்தால் நிரந்தரப் பற்கள் கோணலாக முளைக்கலாம். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடாதீர்கள்.

7. “புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்.”
பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காரம் பட்டால் வாய் எரிவது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது, 2 வாரத்தில் ஆறாத புண் ஆகியவை எச்சரிக்கைகள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைநகரில், அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவுக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.