குருதியோட்டத்தைக் காட்டும் ஒளிப்புள்ளிகள்

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயங்களுக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காயம் தானாகவே ஆறிவிடுமா, உடலின் வேறிடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டுமா என்பதே அப்போது மருத்துவர் முன் எழும் பெரிய வினா. மேலோட்டமான காயத்தையும் மிக ஆழமான காயத்தையும் பார்த்தவுடன் இனங்காணலாம். இடைப்பட்ட காயமே சிக்கலானது. அனுபவம் மிக்க மருத்துவரின் கண்மதிப்பீடுகூட 60 முதல் 75 சதவீதம் வரையே சரியாக அமைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. தேவையற்ற அறுவையும் தவறு; தேவையான அறுவையைத் தாமதித்துத் தழும்பும் தோல் சுருக்கமும் ஏற்பட விடுவதும் தவறு.

இந்த வினாவுக்கான விடை தோலின் நுண்குழாய்களில் உள்ளது. அங்கே குருதி நன்கு ஓடினால் காயம் ஆறும். அவ்வோட்டத்தைத் தோலைத் தொடாமலே படம்பிடிக்க உதவுகிறது லேசர் ஒளி.

தொல்லையே கருவியானது

லேசர் ஒளியைச் சுவரில் பாய்ச்சினால் மணலைத் தூவியதுபோல் மின்னும் புள்ளிக்கோலம் தோன்றும். இதனை ‘ஸ்பெக்கிள்’ என்பர். வெவ்வேறு இடங்களில் பட்டுச் சிதறும் ஒளியலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் சில இடங்களில் அழிப்பதுமே இதற்குக் காரணம். லேசர் பிறந்தது 1960இல். அதற்கு முன்பே, 1943இல், சர் சி. வி. இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன் நுண்துகள்களால் சிதறும் ஒளியின் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

படத்தின் தெளிவைக் கெடுக்கும் தொல்லையாகவே இப்புள்ளிகள் முதலில் கருதப்பட்டன. 1981இல் ஃபெர்ச்சர், பிரையர்ஸ் என்னும் அறிஞர்கள் அவற்றையே அளவுகோலாக்கும் வழியைக் காட்டினர். ஓடும் மிதிவண்டியைப் படம் எடுத்தால் சக்கரத்தின் கம்பிகள் மங்கித் தெரிகின்றன அல்லவா? அதுபோலவே, சிவப்பணுக்கள் நகரும் இடத்தில் புள்ளிக்கோலம் விரைந்து மாறுவதால், சில மில்லிநொடிகளில் எடுக்கும் படத்தில் அது மங்கிவிடுகிறது. ஓட்டம் மிகுந்த இடத்தில் மங்கல் மிகுதி. ஓட்டம் நின்ற இடத்தில் புள்ளிகள் கூர்மையாகத் தெரியும். கணினி இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு, வண்ண வரைபடமாகத் திரையில் காட்டுகிறது.

பயனும் எல்லையும்

இதற்கு மூத்த முறையான லேசர் டாப்ளர், நகரும் அணுக்களில் பட்ட ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கிறது. தீக்காய ஆழத்தை மதிப்பிட லேசர் டாப்ளர் கருவியைப் பயன்படுத்தலாம் என பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் பரிந்துரைத்தது. விபத்து நேர்ந்து 2 நாள் முதல் 5 நாள்வரை இவ்வளவீடு நம்பகமானது. அதற்கு முன்னர் குருதியோட்டம் நிலைபெறாது. புள்ளிக்கோல முறையோ பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் படம்பிடிப்பதால், மாற்றங்களை உடனுக்குடன் காண உதவுகிறது. மூளை அறுவையின்போது சாயம் செலுத்தாமலே குருதியோட்டத்தைக் கண்காணிக்கவும், நீரிழிவால் பாதிக்கப்பட்ட பாதங்களை ஆராயவும் இம்முறை பயன்படுத்தப்பட்டு வருகிறது.

குறைகளும் உண்டு. ஒளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே செய்தி திரட்டும். நோயாளி அசைந்தால் அளவீடு பிழையாகும். கிடைப்பது ஒப்பீட்டு அளவே அன்றி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்னும் துல்லியக் கணக்கு அன்று. எனவே இது மருத்துவரின் தீர்ப்புக்குத் துணை மட்டுமே.

நம் கையில் உள்ளது

தீக்காயம் பட்டவுடன் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர்விப்போம். பற்பசை, மஞ்சள், மை ஆகியவற்றைத் தடவுவதைத் தவிர்ப்போம். அவை காயத்தின் உண்மை நிலையை மறைத்துவிடும். கண்ணாயினும் கருவியாயினும், மறைக்கப்படாத காயத்தையே சரியாக மதிப்பிட இயலும்.