பாறை மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

அடுப்பு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். விறகடுப்பின் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கலாம். வயலுக்கு உரமாக இடலாம். அணு அடுப்பு எரிந்தால் மிஞ்சும் சாம்பலை என்ன செய்வது? கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984-ஆம் ஆண்டிலும், கூடங்குளத்தின் முதல் உலை 2014-ஆம் ஆண்டின் இறுதியிலும் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கின. தமிழ்நாட்டில் விளக்கேற்றும் நாம் அனைவரும் இக்கேள்விக்கு உரியவர்களே. விஞ்ஞானிகள் இதற்குத் தேடும் விடையை, நான் படித்து அறிந்த அளவில் இங்கே விளக்க முற்படுகிறேன்.

ஆறாத சாம்பல்

அணுவுலையில் யுரேனியம் பிளவுபடும்போது வெப்பத்தோடு புதிய தனிமங்களும் உண்டாகின்றன. இவற்றுள் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரைவாழ்வுக்காலம் சுமார் 30 ஆண்டுகள். 300 ஆண்டுகள் சென்றால் இவை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் புளூட்டோனியம்-239-இன் அரைவாழ்வுக்காலமோ சுமார் 24,000 ஆண்டுகள்!

நம் நாட்டில் எரிந்த எரிபொருள் முழுவதையும் கழிவாகக் கருதுவதில்லை. மறுசீரமைப்பு ஆலைகளில் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். எஞ்சும் கடுங்கதிரியக்க நீர்மத்தைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலங்களில் வார்க்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன. வெப்பம் தணியும்வரை இக்கலங்கள் காற்றோட்டமுள்ள காப்பறைகளில் பல பத்தாண்டுகள் வைக்கப்பட வேண்டும். இவ்வளவு செய்த பின்னும், நீண்ட ஆயுளுடைய சில தனிமங்கள் கண்ணாடிக்குள் தங்கிவிடுகின்றன.

பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்து காவல் காக்கும் அரசு எது? சேர சோழ பாண்டியர் போயினர். புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானமும் 1948-இல் இந்தியாவோடு இணைந்தது. ஆகவேதான் காவலை மனிதரிடமிருந்து பாறையிடம் ஒப்படைக்கலாம் என்று விஞ்ஞானிகள் எண்ணினர். சில நூறு மீட்டர் ஆழத்தில் உறுதியான பாறையைக் குடைந்து, கழிவை வைத்து, நிரந்தரமாக மூடிவிடுவதே அத்திட்டம்.

ஊற்றுக்கண் இல்லாத இடம்

எப்படிப்பட்ட பாறை வேண்டும்? இதை விளக்க நம் மாவட்டத்தின் நிலமே நல்ல பாடநூல். (இங்கு அத்தகைய திட்டம் உண்டு என்று சொல்வதற்காக அன்று, புரிந்துகொள்வதற்காக மட்டுமே.) நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் ஆகிய ஊர்களில் பாறைகள் தலைதூக்கி நிற்பதை நாம் காண்கிறோம். இப்பாறை நிலத்தில் மழைநீர் மேலடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். வெடிப்பு அகப்பட்டால் கிணற்றில் ஊற்று. அகப்படாவிட்டால் ஆழ்குழாய் போடும் வண்டியிலிருந்து வெறும் புகைதான் கிளம்பும்.

என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இக்கட்டுரைக்காகப் படித்ததை அவரிடம் சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, "அப்ப, நாங்க எந்த எடத்த வேணாம்னு விட்டுட்டு வர்றோமோ, அந்த எடந்தான் அவங்களுக்கு வேணும்ங்கிற" என்றார். நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

ஆம், புதைக்கப்பட்ட கழிவு மீண்டும் மேலே வருவதற்குரிய முக்கிய வழி நிலத்தடி நீரே. நீர் கலத்தை அரிக்கும். கரைத்ததைச் சுமந்து செல்லும். எனவே வெடிப்புகள் குறைந்த, நீர் மிக மெதுவாக நகரும் பாறையே ஏற்றது. நில அதிர்ச்சி மிகுந்த பகுதியும் எரிமலைப் பகுதியும் ஆகா. கலங்கள் வெளிவிடும் வெப்பத்தைப் பாறை தாங்க வேண்டும். விலைமதிப்புள்ள கனிமமும் அங்கு இருத்தல் கூடாது. இருந்தால் பின்னொரு காலத்தில் எவரேனும் தோண்டிவிடுவர்.

பாறையை மட்டும் நம்புவதும் இல்லை. கலத்தைச் சுற்றி பெண்டோனைட் என்னும் களிமண்ணை இறுக அடைப்பார்கள். நீர் பட்டால் அது உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். கண்மாய்க் கரைக்குக் களிமண் இட்டு மிதித்த நம் முன்னோருக்கு இந்த உபாயம் புதிதன்று.

கோலாரும் ஆஸ்ஸேயும்

இந்தியாவில் ராஜஸ்தானத்தின் சில கருங்கல் பகுதிகள் இந்நோக்கில் ஆராயப்பட்டன. அதற்கு முன்பே, 1980-களில், பாபா அணு ஆராய்ச்சி மையம் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் ஒரு சோதனை நடத்தியது. அங்கு கழிவு எதுவும் வைக்கப்படவில்லை. மின் வெப்பமூட்டிகளைப் பாறைத் துளைகளில் இறக்கி, நெடுநாள் வெப்பத்தில் பாறை எவ்வாறு மாறுகிறது என்று அளந்தனர்.

அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, கோலார்ச் சுரங்கம் கழிவு வைக்கும் இடமாகக் கருதப்படுவதாக உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் தரப்பில் கூறப்பட்டது. கோலார் மக்கள் கொதித்தெழுந்தனர். தலைமுறை தலைமுறையாக அப்பாதாளத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்கள் அல்லவா? அப்படியொரு திட்டம் இல்லை என்று அரசு பின்னர் மறுத்தது. 2013 மே மாதத் தீர்ப்பில், நிரந்தர ஆழ்நிலப் புதையறை அமைக்க விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு நீதிமன்றம் கூறியது. மறுசீரமைப்பு முறையால் கழிவின் அளவு குறைவு, ஆகவே இப்போதைக்கு அவசரம் இல்லை என்பது அணுசக்தித் துறையின் நிலை.

தோண்டிய குழி சும்மாதானே கிடக்கிறது என்ற எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஜெர்மனியின் ஆஸ்ஸே சான்று. அங்கு 1967 முதல் 1978 வரை ஒரு பழைய உப்புச் சுரங்கத்தில் சுமார் 1,26,000 கழிவுப் பீப்பாய்களை இறக்கினர். பிற்பாடு நீர் உள்ளே கசியத் தொடங்கியது. இப்போது அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவாகியுள்ளது.

பின்லாந்து கேட்ட அனுமதி

பின்லாந்து வேறு வழியில் சென்றது. 1983-இலேயே காலவரையறை வகுத்து, நாடு முழுவதும் சலித்து, இறுதியில் நான்கு இடங்களை விரிவாக ஆராய்ந்தனர். பாறை தகுதி பெற்றால் போதாது. அவ்வூராட்சி சம்மதிக்கவும் வேண்டும், மறுத்தால் திட்டம் இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். ஓல்கிலுவோட்டோ அமைந்துள்ள எயுராயோக்கி ஊராட்சி 2000-இல் இசைவளித்தது. 2001-இல் நாடாளுமன்றம் ஏற்றது. சுமார் 430 மீட்டர் ஆழத்தில் அமைந்த அப்புதையறையில் 2024-இல் சோதனை ஓட்டம் தொடங்கியது. தொடக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகள்! பாறையைத் துளைக்க மட்டுமா அவ்வளவு காலம்? மக்கள் மனத்தில் நம்பிக்கையை வளர்க்கவும்தான்.

சித்தன்னவாசல் சொல்லும் பாடம்

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தோண்டாதே என்று பிற்காலத்தாருக்கு எப்படி எழுதி வைப்பது? சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கையருகே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்துகள் இன்றும் அழியாமல் உள்ளன. மொழியும் நம்முடையதே. ஆயினும் சுற்றுலா செல்லும் நம்மில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும்? ஈராயிரம் ஆண்டுக்கே இந்நிலை என்றால், இருபதாயிரம் ஆண்டுக்கு எந்த எழுத்து துணை நிற்கும்? எழுத்து மறந்தாலும் காக்கக்கூடிய இடமாகப் பார்த்தே புதைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏற்கனவே பிறந்துவிட்ட கழிவுக்கு இடம் தேடியே ஆக வேண்டும் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. பாறையின் தகுதியைக் கருவிகள் அளக்கும். ஊரின் சம்மதத்தை ஊரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் நிலத்தடியைக் குறித்து முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை 2017-இல் நம் நெடுவாசல் நாட்டுக்கே காட்டியது.

என்றேனும் ஓர் ஊருக்கு இத்தகைய அறிக்கை வரும்போது அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், கணக்கும் வரைபடமுமாக இருக்கும். அச்சத்தை ஊட்டுவோரும் வருவர். அச்சமே வேண்டாம் என்போரும் வருவர். அந்த அறிக்கையைத் திண்ணையில் அமர்ந்து வரிவரியாகப் படித்து, உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்ல அவ்வூரில் ஒருவராவது இருக்க வேண்டும். கிணறு வெட்டுவோர், கல் உடைப்போர், உழுவோர் ஆகியோரின் வீடுகளிலிருந்து அறிவியல் படிக்க வந்திருக்கும் நாமே அந்த ஒருவராக வேண்டும்.