மரவேலி 'காலை வாராமல்' இருக்க என்ன செய்யணும்?

நாட்றம்பள்ளி:

வீட்டைச் சுற்றி மரவேலி போட்டால் பார்க்க ஜோர்தான். ரெண்டு மழை தாண்டியதும் சாய்ந்து விட்டால் போட்ட காசு அம்பேல்!

திருப்பத்தூர் மாவட்டத்தில் கோடையில் வெயில் கொளுத்தும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும் வரும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தை தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கூடவே கரையான்!

முதலில் உளுத்துப் போவது வேலிக்கால் மண்ணைத் தொடும் இடம்தான். ஈரமும் காற்றும் ஒண்ணா சேர்வது அங்கேதான்.

எனவே வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்க. வெளிப்பக்க வெள்ளைப் பகுதி கரையானுக்கு விருந்து!

6 அடி கட்டையில் 2 அடி மண்ணுக்குள் இறங்கணும். குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும். மேலே கான்கிரீட்டை வெளிப்பக்கம் சரிவாகப் பூசணும். பலகை தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கலாக இருக்கட்டும். மழையில் பலகை உப்பும் என்பதால் நடுவே இடைவெளியும் விடணும். துருப்பிடிக்காத ஆணி அவசியம்.

இதைவிட கெட்டியான வழி, வயல்வேலிக்கு நடும் கருங்கல் காலில் பலகையை மட்டும் போல்ட் போட்டு மாட்டுவது. கல்லை கரையான் தின்னாதே!

ஏற்கனவே வேலி இருக்கா? மழைக்கு முன் காலின் அடியில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்க. 'பொதக்'னு இறங்கினால் உடனே காலை மாத்திடுங்க!